புயல் போன பிறகு வயலுக்கு யார் வருகிறார்கள்? செட்டிநாட்டில் பயிர் நிவாரணம் நடக்கும் விதம்

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. ஐப்பசி முடிகிற நாள். கஜா புயல் நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறி, பட்டுக்கோட்டை, ஆலங்குடி, புதுக்கோட்டை என்று மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. காரைக்குடிக்கு வடக்கே, புதுக்கோட்டை மாவட்ட எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில் விடிகிற நேரத்தில்தான் காற்று உச்சத்துக்குப் போனது. கடலோரம் அடித்த அளவுக்கு இல்லை. ஆனால் கடலிலிருந்து இவ்வளவு உள்ளே தள்ளியிருக்கும் ஊரில் காற்று கூரையைப் பிடுங்கும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. 1964 தனுஷ்கோடிப் புயலைப் பார்த்த பெரியவர்கள்கூட அப்போது மழைதான் கொட்டியது, இப்படி மரம் விழவில்லை என்றார்கள்.

ஒன்பது மணிவாக்கில் காற்று அடங்கியதும் முதலில் தெருவுக்கு வந்தவர் ஊராட்சியின் டேங்க் ஆப்பரேட்டர். மேல்நிலைத் தொட்டிக்குப் போகிற வழியில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. நாலு பையன்களைக் கூட்டிக்கொண்டு அரிவாளும் ரம்பமுமாக அதை வெட்டி ஒதுக்கினார். கரண்ட் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. அந்தப் புயலில் மாநிலம் முழுக்க ஏறக்குறைய ஒரு லட்சம் கம்பங்கள் போயின. கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாமல் குடிதண்ணீர் கிடையாது. பந்தல் போடுகிறவரிடம் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, டீசலுக்குக் கோயில் பணத்திலிருந்து கொடுத்து, மறுநாள் மத்தியானம் தொட்டியில் தண்ணீர் ஏற்றிவிட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ., நாலாம் நாள் வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பக்கத்து இரண்டு கிராமங்களும் அவர் பொறுப்பில்தான் இருந்தன, அங்கே வீடுகள் விழுந்திருந்தன.

முதல் நாள் வந்தவர் கையில் அரிவாள் இருந்தது. நாலாம் நாள் வந்தவர் கையில் பேனா இருந்தது. புயலுக்குப் பிறகு நம் உள்ளூர் நிர்வாகம் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. தண்ணீர், தெருவிளக்கு, விழுந்த மரம், பிளீச்சிங் பவுடர், பள்ளிக்கூடத்தில் தங்கியவர்களுக்குச் சாப்பாடு இதெல்லாம் ஊராட்சி வேலை. எந்த வயலில் எவ்வளவு சேதம், யாருக்குப் பணம் என்று எழுதுவது வருவாய்த் துறையும் வேளாண் துறையும். ஊரில் எவர் எந்த வயலைச் செய்கிறார் என்று தெரிந்த அமைப்புக்கு எழுதுகிற அதிகாரம் இல்லை. எழுதுகிற துறைக்கோ காகிதத்தில் இருக்கிற பெயர்தான் தெரியும். செட்டிநாடு மாதிரி, நிலம் ஒருவர் பெயரிலும் உழைப்பு இன்னொருவர் தோளிலும் இருக்கிற பகுதியில் இந்தப் பிரிவு எவ்வளவு பேரை வெளியே நிறுத்துகிறது என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

கஜா அடித்தபோது இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. அன்றைக்குத் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் ஊராட்சித் தலைவரே இல்லை. 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே பழைய பிரதிநிதிகளின் பதவிக்காலமும் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் 27-லும் 30-லும்தான். இடையில் மூன்று வருஷத்துக்கு மேல், வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் இருக்கும் ஒரே அதிகாரி பல ஊராட்சிகளுக்குப் பொறுப்பு. எங்கள் ஊருக்கென்று இருந்தவர் ஊராட்சிச் செயலர் மட்டும். அவரை இன்னும் 'கிளார்க்கு' என்றுதான் ஊரில் கூப்பிடுவார்கள். நல்ல மனுஷர். ஆனால் தாலுகா ஆபீஸில் போய் 'எங்கள் ஊரை ஏன் விட்டீர்கள்' என்று மேஜையைத் தட்டுவது அவர் வேலை இல்லை. தட்டினால் அவர் வேலைக்கே ஆபத்து.

2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர், உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி இணைத் தலைவர். கஜா வந்த ராத்திரி அந்த இணைத் தலைவர் நாற்காலியில் உட்கார யாருமே இல்லை.

சரி, கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது?

கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும், வாழை, தென்னை என்றால் தோட்டக்கலைத் துறை ஆளும், சேர்ந்து வயலுக்குப் போய்ப் பார்க்கவேண்டும். கூடத் தலையாரி வருவார். சர்வே எண், பரப்பு, பயிர், சேத விழுக்காடு, விவசாயியின் பெயர், வங்கிக் கணக்கு, ஆதார் என்று பட்டியல் போடுவார்கள். அது வருவாய் ஆய்வாளர், தாசில்தார், கோட்டாட்சியர் வழியாக ஆட்சியரிடம் போய், அங்கிருந்து சென்னைக்குப் போகும். அரசாணை வந்ததும் பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும்.

இந்தப் பட்டியலில் ஏற ஒரு வாசற்படி உண்டு. பயிரில் 33 விழுக்காடாவது போயிருக்கவேண்டும். 2015 வரை அது 50 விழுக்காடு, அந்த வருஷம்தான் குறைத்தார்கள். மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து கொடுக்கும் தொகையை மத்திய அரசின் விதிகள் நிர்ணயிக்கின்றன. அந்த நிதியில் மத்திய அரசின் பங்கு முக்கால், மாநிலத்தின் பங்கு கால். கஜா சமயத்தில் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய். 2022-க்குப் பிந்தைய விதிகளில் 17,000, மானாவாரிக்கு 8,500, நீண்டகாலப் பயிருக்கு 22,500. 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு மாநில அரசு அறிவித்ததும் இதே தொகைகள்தான். ஹெக்டேர் கணக்கு கேட்கப் பெரிதாகத் தெரியும். ஏக்கருக்கு மாற்றினால் 17,000 என்பது ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவு, 8,500 என்பது மூவாயிரத்து நானூறு சொச்சம். உழவு, விதை, உரம், களை எடுப்பு என்று ஏக்கருக்கு இருபதாயிரத்துக்குக் குறையாமல் போட்டவருக்கு இது. அரசுக் கணக்கில் இதன் பெயர் 'இடுபொருள் மானியம்'. போன பயிருக்கு ஈடு என்று அரசு எங்கேயும் சொல்வதில்லை. அடுத்த விதைப்புக்குக் கைகொடுப்பதுதான் நோக்கம். ஊரில் எல்லோரும் 'நட்டஈடு' என்று சொல்லிப் பழகிவிட்டதால், கையில் வரும் தொகையைப் பார்த்ததும் ஏமாந்துபோகிறார்கள்.

எங்கள் பக்கத்து நிலம் எல்லாம் கண்மாயை நம்பி இருப்பது. புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்போம். மழை பெய்து கண்மாய் நிறைந்தால் நன்செய், இல்லாவிட்டால் மானாவாரி. அதே வயலைப் பாசனம் என்று எழுதுவதா, மானாவாரி என்று எழுதுவதா என்பதில் தொகை பாதியாகிறது. காவிரிப் பாசனத்துக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் கிடையாது.

இனி, பெயர்.

செட்டிநாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வீடுகள்தான் ஞாபகம் வரும். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டபோது அங்கிருந்து தப்பி வந்தவர்கள் தாங்கள் என்பது நகரத்தார் மரபு. அந்தப் பயத்தில்தான் கடலை விட்டு உள்ளே தள்ளி, தரைமட்டத்துக்கு மேலே உயரமாகத் திண்ணை எழுப்பி வீடு கட்டினார்கள் என்று சொல்வார்கள். கஜாவில் அந்த வீடுகளுக்கு ஓடு சரிந்ததைத் தவிரப் பெரிய சேதம் இல்லை. வீட்டுக்காரர்கள் சென்னையில், கோவையில், மலேசியாவில், சிங்கப்பூரில் இருக்கிறார்கள். பொங்கலுக்கோ கோயில் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வருவார்கள். அவர்கள் பெயரில் இருக்கும் நன்செய் நிலத்தைச் செய்கிறவர்கள் அதே ஊரில் கீற்று வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் இருக்கிறார்கள். ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று பேசி வைத்துக்கொண்ட குத்தகை. சில இடங்களில் விளைவதில் பங்கு போடும் வாரம். எல்லாம் வாய்ப்பேச்சு. இரண்டு தலைமுறையாக ஒரு துண்டுத்தாள்கூட இல்லாமல் நாணயமாக நடந்துவருவது.

என் சித்தப்பா அப்படி ஒரு குத்தகைக்காரர். இரண்டு ஏக்கர் நெல், அரை ஏக்கர் வாழை. கிணற்று மேட்டில் அவரே குழி வெட்டி, குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்த தென்னை மரங்கள். கஜாவில் வாழை மொத்தமும் நடுத்தண்டில் ஒடிந்தது. குலை தள்ளியிருந்த பருவம். தென்னையில் பதினோரு மரம் வேரோடு சாய்ந்தது. அரசு அப்போது விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக மரத்துக்கு 1,100 என்று அறிவித்திருந்தது. வேளாண்மைத் துறை ஆள் மரங்களை எண்ணி முடித்ததும், கூட வந்த வருவாய்த் துறைக்காரர் கேட்டார்.

"பட்டா யார் பேர்ல இருக்கு?"

"செட்டியார் பேர்ல சார்."

"அவரு எங்க இருக்காரு?"

"அவுக காலமாகிப் பதினஞ்சு வருஷமாச்சு. புள்ளைகள்லாம் வெளியூர்ல இருக்காக."

"அடங்கல்ல உங்க பேரு இருக்கா?"

"அது தெரியலை சார். சாகுபடி நாந்தான் செய்யிறேன். ஊரே சொல்லும்."

"ஊர் சொல்றத நான் எழுத முடியாதே ஐயா."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. விதி அப்படி. ஆனால் அந்த ஒரு வரியில் முழுச் சிக்கலும் இருக்கிறது. பதினோரு மரத்துக்குப் பன்னிரண்டாயிரத்து நூறு ரூபாய் வந்திருக்கவேண்டும். பட்டாதாரர் உயிரோடு இல்லை, வாரிசுகள் பட்டாவை மாற்றவில்லை, சாகுபடி செய்கிறவருக்குக் காகிதம் இல்லை. கடைசியில் அந்தத் தொகையை யாருமே வாங்கவில்லை. செட்டியார் வீட்டுக்காரர்களுக்கு மரம் விழுந்த சங்கதியே தைப்பொங்கலுக்கு வந்தபோதுதான் தெரியும்.

அடங்கல் என்பது கிராமக் கணக்கில் இரண்டாம் எண். பசலி ஆண்டுக்கு, அதாவது ஜூலை முதல் ஜூன் வரைக்கும், ஒவ்வொரு சர்வே எண்ணிலும் என்ன பயிர், என்ன பாசனம், எவ்வளவு பரப்பு என்று அதில் பதியவேண்டும். கஜா அடித்தது 1428-ஆம் பசலியில். வி.ஏ.ஓ. மாதாமாதம் வயலைச் சுற்றிப் பார்த்து எழுதவேண்டும் என்பதுதான் முறை, அந்தச் சுற்றுக்கு 'அஜ்மாயிஷ்' என்று பழைய பெயர். நடைமுறையில் பல ஊரில், வருஷாவருஷம் கிராமக் கணக்கைத் தணிக்கை செய்யும் ஜமாபந்திக்கு முன்னால் சித்திரை, வைகாசியில் மொத்தமாக எழுதி முடிக்கிறார்கள். புயல் வருவதோ ஐப்பசி, கார்த்திகையில். சேதத்தைக் கணக்கெடுக்கிற நேரத்தில் அந்த வருஷ அடங்கல் பாதி காலியாக இருக்கும். அப்புறம் என்ன செய்வார்கள்? கணினியில் தயாராக இருக்கும் பட்டாவைப் பார்த்து எழுதுவார்கள்.

இந்தப் பட்டாக்களுக்கும் ஒரு கதை உண்டு. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் எல்லாம் சிவகங்கை ஜமீனில் இருந்தவை. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் ரயத்துவாரிப் பட்டா வந்தது. 1980-களில் யு.டி.ஆர். என்ற பெயரில் பட்டாக்களைப் புதுப்பித்தார்கள். அதற்கப்புறம் பல குடும்பங்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை. தாத்தா பெயரில் நிற்கும் பட்டாவுக்கு இன்று எட்டு, பத்துப் பங்காளிகள் இருப்பார்கள்.

நிலத்துக்காரர்கள் குத்தகைக்காரர் பெயரை எழுதிக்கொடுக்கத் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. 1955-இல் வந்த சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்கிறது. 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய இன்னொரு சட்டம் வந்தது. உழுகிறவரைக் காப்பாற்றத்தான் இரண்டும் வந்தன. ஆனால் பெயர் எழுதினால் நிலம் போய்விடும் என்கிற பயம் அன்றிலிருந்தே குடும்பங்களில் தங்கிவிட்டது. நான் பேசிப் பார்த்தவர்களில் சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு நிவாரணம் போகக்கூடாது என்று நினைப்பவர் ஒருவரும் இல்லை. "எழுதிக் கொடுத்துட்டா நாளைக்கு வில்லங்கம் ஆயிடுமாப்பா?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு புயலில் விழுந்த வாழைக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி, குத்தகை உரிமையைத் தொடாத ஒரு எளிய சான்றுப் படிவத்தை அரசே அச்சடித்துக் கொடுத்தால் இந்தப் பயத்தில் பாதி குறையும் என்பது என் எண்ணம்.

இரண்டரை வருஷத்துக்குள் இதே ஊர் இன்னொரு அடி வாங்கியது. 2020 நவம்பரில் நிவர், டிசம்பரில் புரெவி. இரண்டும் எங்களுக்கு மழையோடு போயின. அடி விழுந்தது 2021 ஜனவரியில். பொங்கலை ஒட்டி, கதிர் முற்றி அறுப்புக்கு நின்ற நேரத்தில், நாள்கணக்கில் மழை. புயல் என்று பெயர் வைக்காத மழை, ஆனால் தென்மாவட்ட நெல்லுக்குப் பல புயலை விட அதிகச் சேதம் செய்தது. சித்தப்பா வயலில் பயிர் முழுக்கப் படுத்துவிட்டது. தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு கதிரை எடுத்துக் காட்டினார். மணி ஒவ்வொன்றிலும் ஊசி முனை அளவுக்கு வெள்ளை முளை. சிலவற்றில் பச்சையே எட்டிப் பார்த்தது. கட்டை விரலால் நசுக்கினால் பால் மாதிரி வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வயல் பொன்னாகத்தான் தெரிந்தது.

இந்தத் தடவை ஊராட்சித் தலைவர் இருந்தார். ஒரு வருஷம் முன்புதான் பதவிக்கு வந்தவர், அவரும் விவசாயி. கணக்கெடுப்பு ஆட்கள் ரோட்டிலிருந்து பார்த்துவிட்டுப் போகாமல் இருக்க, அவரே வரப்பில் முன்னால் நடந்தார். எந்த வயலை யார் செய்கிறார் என்று வார்டு உறுப்பினர்களை வைத்து ஒரு நோட்டில் எழுதியிருந்தார். அந்த நோட்டுக்குச் சட்ட மதிப்பு எதுவும் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு அவர் செய்த காரியம் பெரிது. பட்டாதாரர் வெளியூரில் இருக்கும் ஒவ்வொரு வயலுக்கும் அந்தக் குடும்பத்துக்குப் போன் போட்டார். 'இந்தப் பசலியில் இந்த நிலத்தில் சாகுபடி செய்தவர் இன்னார், வெள்ள நிவாரணத்தை அவருக்கு வழங்க எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று வெள்ளைத்தாளில் இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். சென்னையிலிருந்த செட்டியார் வீட்டு ஆச்சி அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார். அதை அச்செடுத்து, வி.ஏ.ஓ. சாகுபடிச் சான்று கொடுத்தார்.

அந்த ஜனவரியில்தான் மாநில அரசு நெல்லுக்கான தொகையை ஹெக்டேருக்கு 20,000 ரூபாயாக உயர்த்தி, ஒருவருக்கு இரண்டு ஹெக்டேர்தான் என்ற உச்சவரம்பையும் தளர்த்தியது. சித்தப்பாவுக்கு இரண்டு ஏக்கருக்குப் பதினாறாயிரம் சொச்சம் வந்தது. கஜாவில் ஒரு பைசா வராத அதே ஆளுக்கு, அதே நிலத்துக்கு. பயிர் நிவாரண விதியில் இடையில் குத்தகைதாரருக்காக எதுவும் மாறவில்லை. போன் போட ஒரு தலைவர் இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாத் தலைவர்களும் இப்படி இருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. வேண்டியவர் வயலை முதலில் காட்டுகிறவர்களும் உண்டு, சாதி பார்த்து ஒரு தெருவை விடுகிறவர்களும் உண்டு. அதனால்தான் தலைவர் ஒருவர் நல்லவராக இருப்பதை நம்பி இதை விடக்கூடாது. 73-ஆவது திருத்தத்தில் வந்த பதினோராவது அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று 29 துறைகளைப் பட்டியலிடுகிறது. வேளாண்மை இருக்கிறது, சிறுபாசனம் இருக்கிறது. பேரிடர் இல்லை. 1994 ஊராட்சிகள் சட்டத்தில் கிராம சபை இருக்கிறது. அரசுத் திட்டப் பயனாளிகள் பட்டியலை அங்கே வைக்கிறார்கள். வெள்ளச் சேதப் பட்டியலை எங்கள் கிராம சபையில் வைத்து வாசித்ததை நான் இதுவரை பார்த்ததில்லை. வாசித்தால் என்ன ஆகும்? யார் வயல் விட்டுப்போனது, யார் செய்யாத வயலுக்கு எழுதியிருக்கிறார்கள் என்று அரைமணி நேரத்தில் ஊரே சொல்லிவிடும். வருவாய்த் துறைக்காரருக்கும் அது நல்லது. பின்னால் வரும் புகாரில் பாதி அங்கேயே தீரும்.

வயலைப் பற்றிப் பேசிவிட்டுக் கண்மாயை விட முடியாது. புயல் மழையில் எங்களுக்குப் பெரிய பயம் கரை உடைப்புதான். கலுங்கு வழியாக மறுகால், அதாவது மிஞ்சிய தண்ணீர், போகிற அளவுக்கு மேல் வந்தால், கரையில் எங்கே எலிவளை இருக்கிறதோ, எங்கே சீமைக்கருவேல வேர் அழுகியிருக்கிறதோ அங்கே பிடுங்கும். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத் துறையுடையது, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. மணல் மூட்டை யார் அடுக்குவது, பொக்லைன் வாடகை எந்தக் கணக்கில் என்ற கேள்விக்கு ராத்திரி பதினோரு மணிக்குப் பதில் கிடைக்காது. ஊர் ஆட்கள் சாக்கில் மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். 2017-இல் குடிமராமத்து என்று பழைய பெயரை எடுத்து ஆயக்கட்டுக்காரர்களையே சேர்த்துக் கண்மாய் வேலை தொடங்கியபோது, இந்த அவசரப் பொறுப்பையும் காசோடு அவர்களிடம் கொடுத்திருக்கலாம்.

ஊராட்சியிடம் காசு இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் கட்டிப்போட்ட காசு. 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. மீதி 40-இல் ஊரின் மற்ற எல்லாத் தேவையும். புயல் வந்தால் எடுத்துச் செலவு செய்ய எங்கள் ஊராட்சியிடம் ஒரு தனிக் கணக்கு இருந்ததில்லை. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கக் கோயில் உண்டியலைத் திறந்ததற்குக் காரணம் அதுதான்.

எல்லைக் கோட்டைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். செட்டிநாடு ஒரே பண்பாட்டுப் பகுதி, ஆனால் இரண்டு மாவட்டம். தெற்கே சிவகங்கை, வடக்கே திருமயம் பக்கம் புதுக்கோட்டை. ஜமீனுக்கும் 1948-இல் இந்தியாவோடு இணைந்த புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கும் நடுவே ஓடிய எல்லை இது. கஜாவில் செய்தியெல்லாம் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்ற நாலு மாவட்டத்தைச் சுற்றியே இருந்தது. பார்வையிட வந்த மத்தியக் குழுவும் அந்தப் பக்கம்தான் போனது. அங்கே போன தென்னந்தோப்புகளைப் பார்த்தவர்கள் அதில் குறை காணமாட்டார்கள். ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் கிடந்த எங்கள் ஊரைப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. மாநிலம் கேட்டது கிட்டத்தட்ட 15,000 கோடி, தேசியப் பேரிடர் நிதியிலிருந்து ஒப்புதல் கிடைத்தது 1,146 கோடி. மேலே அவ்வளவு சுருங்கினால், சேதம் குறைவாக உள்ள மாவட்டத்தின் ஓர ஊருக்கு எவ்வளவு மிஞ்சும்?

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்று கேட்பார்கள். 2016-இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை விழுக்காடுதான். ஆனால் இழப்பு பெரும்பாலும் தனி வயலுக்குக் கணக்காவதில்லை. வருவாய்க் கிராமம் முழுவதற்கும் அறுவடைச் சோதனை வைத்து, சராசரி மகசூல் குறைந்தால்தான் கிடைக்கும். கண்மாய்க்கு மேற்கே மேட்டு வயல் தப்பித்து, கிழக்கே பள்ளத்து வயல் அழுகினால் சராசரி சரியாகவே இருக்கும். அப்புறம், பதிவுக்கும் அதே அடங்கலும் சிட்டாவும்தான் கேட்பார்கள்.

இப்போது நிலைமை என்ன என்றால், 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள். நோட்டுப் போட்டு எழுதிய எங்கள் தலைவர் இப்போது வெறும் விவசாயி. அதே வருஷம் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கும் வேலையும் தொடங்கியது. அதற்கும் பட்டாதான் அடிப்படை. டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு என்று 2024-இல் வேளாண் கல்லூரி மாணவர்களை வயல் வயலாக அனுப்பினார்கள். பயிரைப் படம் பிடித்தார்கள். அதை நட்டவர் யார் என்பதையும் சேர்த்துப் பதிந்திருந்தால் அந்த அலைச்சலுக்கு இரண்டு மடங்கு பலன் கிடைத்திருக்கும். கிராம சபை நாட்களில் நவம்பர் 1 இப்போது ஒன்று, 2022-இல்தான் சேர்த்தார்கள். விதைப்பு முடிந்து, புயல் காலம் தொடங்குகிற நாள். சாகுபடி செய்கிறவர் பட்டியலை அன்றைக்குச் சபையில் வாசித்துத் தீர்மானமாக எழுதி, அதை அடங்கலுக்கு ஆதாரமாக ஏற்றுக்கொள்ள ஒரு அரசாணை போதும். புதுச் சட்டம் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

சித்தப்பா அதற்குக் காத்திருக்கவில்லை. புரட்டாசியில் விதைத்து முடித்த கையோடு ஆச்சிக்குப் போன் போட்டு, அந்த வருஷத்துப் பசலி எண்ணைச் சொல்லி, இரண்டு வரிக் கடிதத்தைப் புதுசாக வாங்கிவிடுகிறார். அச்செடுத்து, வங்கிப் புத்தகத்தோடும் ஆதார் நகலோடும் மஞ்சள் பையில் சுருட்டி, மழை ஒழுகாத மூலையாகப் பார்த்துப் பரணில் வைக்கிறார். எங்கள் தெருவில் மட்டும் வாய்ப்பேச்சுக் குத்தகையில் நிலம் செய்கிறவர்கள் எட்டுப் பேர். அந்தக் கடிதம் வைத்திருப்பவர்கள் அவரையும் சேர்த்து இரண்டு பேர்.